18,000 ரூபாய்ப் பட்டியல் இருக்கட்டும், முதலில் ஷூவைப் பார்ப்போம்

கேள்வி: எனக்கு 51 வயது. மதுரையில் அரசு அலுவலகத்தில் வேலை. வீட்டுக்காரருக்கு 57. எட்டு வருஷமாகச் சர்க்கரை, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒரு வருஷமாக வண்டியூர் கண்மாயைச் சுற்றி தினமும் நடக்கிறோம். இப்போது எங்கள் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சமணர் மலை, அரிட்டாபட்டி, சிறுமலை என்று போகலாம், பழகிய பிறகு கொடைக்கானல் பக்கம் வெள்ளகவிக்கும் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கடையில் கேட்டதற்கு ஆளுக்கு 18,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதெல்லாம் தேவையா? நான் புடவை தவிர வேறு உடுத்திப் பழகாதவள். புடவையில் நடக்க முடியாதா?
— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள அக்கா,

பட்டியலைப் பார்த்தேன். அதில் இருப்பது எதுவும் மட்டமான பொருள் இல்லை. ஆனால் அது பனிமலைக்குப் போகிறவருக்கான பட்டியல். சமணர் மலை அடிவாரத்தில், கீழக்குயில்குடியில் காலை ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதரைக்குத் திரும்புகிறவருக்கு அந்த ஜாக்கெட் எதற்கு? பதினான்கு வருஷமாக மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து மலைகளில் ஆட்களை நடக்க அழைத்துப் போகிறேன். பாதியில் திரும்ப வேண்டி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பியது காலால்தான். கொப்புளம், நகத்தில் அடி, சறுக்கல், முள். அதனால் கையில் இருக்கிற பணத்தை முதலில் ஷூவிலும் சாக்ஸிலும் போடுங்கள். மற்றதில் பெரும்பகுதி உங்கள் பீரோவிலேயே இருக்கிறது.

கண்மாயைச் சுற்றிப் போட்டு நடக்கிற ஷூ எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. அடியைத் திருப்பிப் பாருங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தால் அது தளம் போட்ட பாதைக்கு மட்டும்தான். சமணர் மலையின் வழுக்குப் பாறையிலும் சிறுமலையின் சருகு மூடிய மண்ணிலும் அது நிற்காது. அடியில் கட்டை கட்டையாக, ஆழமான பள்ளம் வெட்டின ரப்பர் இருக்க வேண்டும். அந்த ரப்பர் ரொம்பக் கெட்டியாக இருந்தாலும் பாறையில் வழுக்கும், நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கணுக்காலை மூடும் பூட்ஸ் உங்களுக்கு இப்போது வேண்டாம். கனம் அதிகம், கால் உள்ளேயே வெந்துவிடும். கணுக்கால் அடிக்கடி பிசகுகிறவர்களுக்கு அதை யோசிக்கலாம். மற்றபடி கணுக்காலுக்குக் கீழே நிற்கும் நடை ஷூ, 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள், போதும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பிறகு பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், மலையிலும் அப்படித்தான் உப்பும். மலைக்குப் போடப்போகிற அதே சாக்ஸை எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். நின்றபடி பார்க்கும்போது, நீளமான விரல் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அப்புறம் கடையின் மாடிப்படியில் நாலு தடவை இறங்கிப் பாருங்கள். ஏறும்போது எல்லா ஷூவும் நன்றாகத்தான் இருக்கும், இறங்கும்போதுதான் விஷயம் தெரியும். இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டினால் அந்த ஷூ வேண்டாம். இரண்டு மணி நேர இறக்கத்தில் அந்த நகம் கறுத்து, மூன்று மாதத்தில் விழும்.

லேஸ் கட்டுவதிலும் ஒரு வழி இருக்கிறது. பல ஷூக்களில் மேலே கடைசியாக ஒரு துளை யாரும் கோக்காமல் சும்மா இருக்கும். லேஸை அதற்கு முந்தின துளையிலிருந்து எடுத்து, அதே பக்கத்தில் அந்தக் கடைசித் துளைக்குள் விடுங்கள். இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு வளையம் கிடைக்கும். இடது லேஸை வலது வளையத்திலும் வலது லேஸை இடது வளையத்திலும் விட்டு, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்துவிட்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் அப்படியே பிடித்துக்கொள்ளும், விரல் முன்னால் நழுவாது. இறக்கம் தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்து ஒரு முறை இதை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் நான் இறங்குகிறேன்.

புது ஷூவை நேரே மலைக்குப் போடாதீர்கள். மூன்று வாரமாவது கண்மாயில் போட்டு நடங்கள். பழைய ஷூ பரணில் இருக்கிறது, அதைப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். ஏழு வருஷத்துக்கு முன் சிறுமலையில் எனக்கு இது நடந்தது. இரண்டு தடவைக்கு மேல் போடாத நல்ல ஷூ, நாலு வருஷம் பரணில் இருந்தது. முதல் அரை மணி நேரத்தில் வலது கால் அடித்தட்டு வாயைப் பிளந்தது. அடுத்த வளைவில் அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே இருக்கும் நுரை, போடாமல் சும்மா வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தை வாங்கிப் பொடிந்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பையின் வாரை அறுத்து ஷூவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அடித்தட்டை இரண்டு கையாலும் வளைத்து, ஓரங்களை நகத்தால் நெம்பிப் பாருங்கள்.

செருப்பு? அரிட்டாபட்டிக்குப் போகும் வழியிலேயே சீமைக் கருவேல முள் உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். ரப்பர் செருப்பின் அடியில் நுழைந்து மேலே வந்து பாதத்தில் குத்துகிற முள் அது.

இனி உங்கள் வீட்டுக்காரர். அக்கா, எல்லாவற்றையும் விட இதைக் கவனமாகப் படியுங்கள்.

எட்டு வருஷச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். குறைந்திருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் தெரிவிக்க வேண்டிய நரம்புதான் மரத்திருக்கிறது. ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் புகுந்தால் உங்களுக்கு மூன்றாவது அடியில் தெரியும். அவர் அதன்மேல் மூன்று மணி நேரம் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் பார்ப்பார். அந்தப் புண் ஆறுவதற்கு நாளாகும். ஆகவே ஷூ வாங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் போய், பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வைத்து அழுத்திப் பார்க்கும் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை, வலி கிடையாது. பாதத்தின் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மலை நடைக்குப் போகப்போகிறோம் என்பதைச் சொல்லி, அன்றைக்கு மாத்திரையை எப்படி எடுக்க வேண்டும் என்றும் மருத்துவரிடமே கேளுங்கள். மூன்று மணி நேரம் ஏறி இறங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். குளுக்கோஸ் பொட்டலம் வீட்டுக்காரர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், பைக்குள் அடியில் போட்டுவிடாதீர்கள்.

அவருக்கு முன்பக்கம் அகலமான, உள்ளே தையல் துருத்தாத ஷூ வேண்டும். சாக்ஸ் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் வாங்குங்கள். ரத்தமோ நீரோ கசிந்தால் கறுப்புச் சாக்ஸில் தெரியாது. மேல்பட்டை இறுக்கமாக இருக்கக் கூடாது. ஷூவைப் போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டிவிட்டு, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எங்காவது உட்கார்ந்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, விரல் இடுக்கு உட்பட நீங்கள் பாருங்கள். எங்காவது சிவந்திருந்தால் அங்கே அப்போதே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள், கொப்புளமாகும் வரை காத்திருக்க வேண்டாம். கொப்புளமே வந்துவிட்டால் உடைக்காதீர்கள்.

இங்கேதான் வெள்ளகவி வருகிறது. பெரியகுளம் அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில் யாரும் காலில் செருப்புப் போடுவதில்லை, வருகிறவர்களும் ஊருக்குள் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். ஊரே கோயில் என்பது அவர்கள் நினைப்பு. அதற்கு நாம் கட்டுப்படத்தான் வேண்டும். உங்களுக்கும் மற்ற மூவருக்கும் இது நல்ல அனுபவம், பாதத்தின் கீழ் அந்தக் குளிர்ந்த கல்லை மறக்க மாட்டீர்கள். ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு கல்லிலும் மண்ணிலும் நடக்கக் கூடாது. சர்க்கரைக்காரர்களை அழைத்துப் போகும்போது தடிமனான சுத்தமான சாக்ஸ் ஒரு ஜோடி தனியாகக் கட்டி எடுத்துப் போகச் சொல்வேன். ஊர் எல்லையில் நின்று, பெரியவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, சாக்ஸோடு வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். வேண்டாம் என்றால் உங்கள் வீட்டுக்காரர் எல்லையிலேயே நிழலில் உட்கார்ந்திருக்கட்டும். பரிசோதனையில் உணர்ச்சி குறைவு என்று வந்தால், சாக்ஸ்கூட வேண்டாம், எல்லையில் உட்காருவதுதான் சரி.

அப்புறம் உடை. புடவையில் நடக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் அக்கா. மலைக்கிராமத்துப் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் சுமையோடு நமக்கு முன்னால் ஏறிப் போவதை நீங்களே பார்க்கப்போகிறீர்கள். ஆனால் அவர்கள் கால் அந்தப் பாதையை அறியும். நமக்குப் புடவையில் இருக்கிற சிக்கல் இறக்கத்தில்தான், கொசுவம் முன்னால் விழுந்து அடுத்த காலை எங்கே வைக்கிறோம் என்பதை மறைத்துவிடும். இரண்டாவது, ஓரம். அரிட்டாபட்டியில் கழிஞ்சமலைப் பக்கம் புல்லுக்குள் ஒரு நடை போய் வந்தால் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் சேலை ஓரம் முழுக்க ஏறியிருக்கும். என்னோடு வந்த ஓர் அம்மா பஸ்ஸில் மதுரை வரும்வரை ஒன்றொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார், மாட்டுத்தாவணியில் இறங்கும்போதும் பாதி மிச்சம் இருந்தது.

சுடிதாருக்கு மாறிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. முழங்கால் வரை நிற்கிற, பக்கவாட்டில் வெட்டு இருக்கிற டாப்ஸ். கீழே இழுத்தால் நீள்கிற துணியில் கால்சட்டை, கணுக்காலில் பிடிக்கிற மாதிரி. முழங்காலை மார்புவரை தூக்கிப் பாருங்கள், எங்கும் பிடிக்கக் கூடாது. பட்டியாலா வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கல் மாதிரி கனக்கும், காயாது, தொடை உராயும். துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு பருத்தித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் போட்டால் வெயிலுக்கு, தலையில் கட்டினால் வியர்வைக்கு, கை பிசகினால் தூளி கட்ட, ஊருக்குள் போகும்போது தோளில் போட. கூச்சமாக இருந்தால் முதல் இரண்டு வாரம் கண்மாயில் சுடிதாரோடு நடங்கள். மூன்றாவது வாரம் அந்த நினைப்பே வராது.

வெயிலுக்கு என்ன போடுவது என்பதை நம் ஊரில் யாரும் கடையில் போய்க் கேட்க வேண்டியதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயில், முள், பூச்சி, செடியின் அரிக்கும் சுனை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சட்டை. நீங்களும் அதையே செய்யுங்கள். மெல்லிய பருத்தியில், ஒரு சுற்று தொளதொளவென்று, வெளிர் நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டையை டாப்ஸுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

பருத்தியா, பாலியெஸ்டரா என்று குழம்ப வேண்டாம். மதுரையைச் சுற்றி, வெயிலில், காலை நேரத்தில் நடப்பதற்குப் பருத்தி நல்லது. வியர்வையை வாங்கி மெல்ல உலரும், அந்த ஈரமே உடம்பைக் குளிர வைக்கும். கொடைக்கானல் பக்கம் அதே ஈரம்தான் எதிரி. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 2,000 மீட்டர், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்றத்தில் நனைந்த பருத்தி டாப்ஸோ சட்டையோ, மேலே போய் நின்று காற்று அடித்ததும் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிடும். அங்கே விளையாட்டுக்காரர்கள் போடுகிற சீக்கிரம் உலரும் டிஷர்ட் உள்ளே, அதன் மேல் ஒரு மெல்லிய ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தூறலும் புகாத ஒரு மேலங்கி. ஏறும்போது கழற்றுங்கள், நிற்கும்போது போடுங்கள். வியர்த்து நனைவதற்கு முன்பே கழற்றுவதுதான் விஷயம். 6,000 ரூபாய் ஜாக்கெட் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு ஏறினால் உள்ளேயே வெந்து நனைவீர்கள்.

உள்ளாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக்கான உள்பாடி ஒன்று வாங்குங்கள், கொக்கியும் கம்பியும் இருப்பது பையின் வார் அழுத்தும் இடத்தில் அறுக்கும். தொடை உராய்கிறவர்கள் உள்ளே முழங்கால் வரை வருகிற மெல்லிய ஷார்ட்ஸ் போட்டால் போதும், இல்லையென்றால் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். மாற்று உள்ளாடை ஒன்று, நாப்கின் இரண்டு, அவற்றைத் திரும்பக் கொண்டுவர ஒரு கவர் எப்போதும் பையில் இருக்கட்டும். ஒதுங்க இடம் இருக்காது என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஐந்து பேர் போகிறீர்கள், ஒருவர் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

நிறத்துக்கு வருகிறேன். காக்கி, சாம்பல், வெளிர் பச்சை, மண் நிறம் என்று இருக்கட்டும். பாறைச் சரிவுகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும், கறுப்பும் அடர்நிறமும் அவற்றைச் சீண்டும். வாசனைத் திரவியமும் அப்படித்தான். மதுரைக்காரியிடம் இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, அன்றைக்கு ஒரு நாள் மல்லிகையையும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் அட்டை இருக்கும். அதற்கென்று முழங்கால் வரை வருகிற, நெருக்கமாக நெய்த துணி உறை கிடைக்கிறது. சாக்ஸுக்கு மேல் மாட்டி, கால்சட்டையை அதற்குள் செருகிவிட்டால் அட்டை தோலைத் தொட முடியாது. முந்நூறு, நானூறு ரூபாய்தான். வெள்ளகவிக்கு இது அவசியம், சமணர் மலைக்குத் தேவையில்லை. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், வாய் ஒட்டிய இடத்தில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட வேண்டாம். உங்கள் குழுவில் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் அவர் இந்த உறை இல்லாமல் போகவே கூடாது.

அட்டையை விட எனக்குக் கவலை, கண்ணுக்கே தெரியாத சின்ன உண்ணிப் பூச்சிதான். புதரிலும் புல்லிலும் இருக்கும், கடித்தது தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் அதனால்தான் வருகிறது, தமிழ்நாட்டில் மழையும் குளிரும் இருக்கிற மாதங்களில் அதிகம். அதனால்தான் முழுக்கை, முழுக்கால், சாக்ஸுக்குள் செருகின கால்சட்டை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். புல்லில் அப்படியே உட்காராமல் ஒரு பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு உட்காருங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, உடையை வெந்நீரில் போடுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் மலைக்குப் போனதைச் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் தெரிந்தால் மாத்திரையிலேயே தீர்ந்துவிடும்.

மழைக்கு அந்தப் பட்டியலில் இருக்கிற கோட் நன்றாகத்தான் இருக்கிறது, விலைதான் அதிகம். மலையில் மாடு மேய்ப்பவர்கள் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொள்வார்கள் இல்லையா, அதே மாதிரி தலையோடு சேர்த்துப் பையையும் மூடுகிற தொளதொளப்பான மழை அங்கி 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடியில் காற்றுப் போகும், உள்ளே வியர்க்காது. குடை சமவெளியில் சரி, மலை முகட்டில் காற்றுக்கு நிற்காது, இடி மின்னலில் பிடிக்கவே கூடாது. பைக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை விரித்து, அதற்குள் துணியை வைத்துவிட்டால் தனி உறை எதுவும் வேண்டாம்.

ஊன்றுகோல் இரண்டு என்று போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று போதும், ஆனால் கட்டாயம் வேண்டும். ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்கு இறக்கத்தில் அது மூன்றாவது கால். வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள், அதுவே போதும். பிடித்து நின்றால் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரம் இருக்கட்டும்.

பை 20 லிட்டர், இடுப்பில் கட்டுகிற பட்டையோடு. ஜோல்னா வேண்டாம், ஒரு பக்கமாக இழுத்து நடையைக் கெடுக்கும். குழாய் வைத்து உறிஞ்சுகிற தண்ணீர்ப் பை தேவையில்லை, ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. நெற்றியில் கட்டுகிற டார்ச் ஒன்று, காலையில் போய்க் காலையில் திரும்புவதாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு விசில். யாராவது பிரிந்துவிட்டால் மூன்று முறை ஊத வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பார்த்தால் உங்களுக்கு ஆறாயிரத்துக்குள் முடியும். அவருக்கு ஷூவால் ஆயிரம் கூடலாம்.

எந்த உடையாலும் தடுக்க முடியாத ஒன்று காட்டுத்தீ. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். புல் காய்ந்த மாதங்களில், பிப்ரவரி முதல் கோடை மழை வரும்வரை, மலைப்பக்கம் வேண்டாம். மற்ற மாதங்களிலும் காட்டுப்பாதைக்கு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள்.

வாங்கியதை எல்லாம் போட்டுக்கொண்டு, பையில் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாயிலேயே இரண்டு மணி நேரம் நடங்கள். எங்கே உரசுகிறது, எங்கே அறுக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்கு அடுத்த வாரம் கீழக்குயில்குடி. வீட்டுக்காரருக்குப் பாதப் பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். வெள்ளகவிக்கு எந்த மாதம், ஏறுவதா இறங்குவதா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.